ஊவாவின் கதை: டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் ஓர் அகதி

யுத்தம் மூண்டபின் ஆங்கில அரசு இலங்கையிலிருந்த ஜெர்மானியரைத் தியத்தலாவை முகாமில் அடைத்ததையும், யூதக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத் துறவியான ஞானபோனிக தேரரும் ஹிட்லரின் தேசத்தாரோடு அங்கே ஒருசேர அடைபட்ட விசித்திரத்தையும் இவ்வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். அதற்குள் சர் சி. வி. ராமன் குறுக்கே வந்துவிட்டார்; அவர் வந்தால் பிறருக்கு இடமேது?

1930இல் நோபல் பரிசு அறிவிக்கப்படுமுன்னரே ஸ்டாக்ஹோமுக்குக் கப்பற்சீட்டு எடுத்துவைத்த அந்தத் திருவானைக்காவல் பிராமணர், 1933இல் பெங்களூர் டாட்டா இன்ஸ்டிட்யூட்டின் முதல் இந்திய இயக்குநராக அமர்ந்தார். ஹிட்லரின் சட்டம் ஸர்வகலாசாலைகளிலிருந்து யூத ஆசிரியர்களைத் துரத்தியது அதே ஆண்டில்தான். ஹைஸன்பர்க் உதவியாளராயிருந்து பயின்ற கோட்டிங்கன் பேராசிரியர் மாக்ஸ் போர்னும் அவ்வாறு ஆசனம் இழந்தவரே. பிறர் அனுதாபத் தீர்மானம் எழுதிக்கொண்டிருக்க, ஐரோப்பா எறிந்த ரத்தினங்களை இந்தியா பொறுக்கிக்கொள்ள வேண்டுமென்று கருதிய ராமன், 1935இல் போர்னையும் அவர் மனைவியையும் பெங்களூருக்கு வரவழைத்தார். அதில் கருணை பாதி, காரியம் பாதி. கலப்பில்லாத கருணையைவிட அது பயனுடையது என்பேன்.

போர்னின் தற்காலிகப் பதவியை நிரந்தரப் பேராசிரியர் ஸ்தானமாக்க ராமன் வாதாடிய கூட்டத்தில் போர்னும் அமர்ந்திருந்தார். அப்போது புதிதாக வந்திருந்த ஆஸ்டன் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாடே துரத்திய இரண்டாந்தர அந்நியர் நமக்கு எதற்கு என்ற பொருள்படப் பேசினார். அந்த ஆஸ்டன் குடும்பத்துக்குப் போர்ன் தம்பதியர் அன்பு காட்டியிருந்தனர் என்பதுதான் கொடுமை. வீடு திரும்பிய போர்ன் மனைவியின் முன் அழுதுவிட்டார். இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த பெற்றோருக்கு நம் தோட்ட லயங்களில் பிறந்தவர்களுக்கு இவ்வழுகையை நான் விளக்க வேண்டியதில்லை. இயக்குநரை வீழ்த்தக் காத்திருந்த கூட்டத்துக்கு ஆஸ்டனின் பேச்சு ஆயுதமாயிற்று. ராமனின் செருக்கும் சச்சரவும் அப்பகையை வளர்த்தன என்பதை மறுக்கமாட்டேன். எனினும் பகைவரைப் பழிவாங்க அகதியின் வயிற்றில் அடித்தவர்களை மன்னிக்க எனக்கு மனமில்லை.

1936இல் எடின்பரோ அழைத்தது, போர்ன் சென்றார். 1937இல் ராமனும் இயக்குநர் பதவியைத் துறந்தார். "இரண்டாந்தரத்தவர்" 1954இல் நோபல் பரிசு பெற்றார்.

முகாமின் கதை அடுத்த வாரம் நிச்சயம். தியத்தலாவை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில், அம்முகாமைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் இருந்தால் அதற்குமுன் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.