சார்ஜ் ஏறாத மடிக்கணினியும் கஃபார் மார்க்கெட்டும்

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. இன்றைக்குக் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் ரிப்பேர்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. 2008-ல் மாற்றலாகி தில்லிக்கு வந்த புதிதில் வாங்கியது. தங்கமணி அதற்கு வைத்திருக்கும் பெயர் அம்மிக்கல். "இதை எப்போ காயலான் கடைக்குப் போடப் போறீங்க?" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேள்வி வரும். நான் போடாததற்குக் காரணம் ஒன்றுதான். அப்பா இங்கே வந்து தங்கும்போதெல்லாம் அதில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எங்கள் குடும்பக் கதையை எழுதி வைத்திருந்தார். மாயவரத்தில் அவருடைய தாத்தா வைத்திருந்த மளிகைக் கடையில் ஆரம்பிக்கும். 2015-ல் அப்பா போய்விட்டார்.

போன மாதம் அத்தை ஃபோன் செய்தார். "ஏண்டா, அண்ணா எழுதினதுல எனக்கு ஒரு காப்பி அனுப்பேன். எனக்கும் எண்பது ஆயிடுத்து."

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக அதற்கு ஒரு நகல்கூட நான் எடுத்து வைக்கவில்லை. வங்கியில் தினம் சாயங்காலம் பேக்கப் எடுத்தாச்சா என்று கேட்கிற ஆசாமி நான்!

பரணிலிருந்து இறக்கிச் செருகினேன். திரை வந்தது. ஓரத்தில் "இணைத்திருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை" என்று ஒரு வரி. ஒயர் லேசாக அசைந்ததும் பொசுக்கென்று அணைந்துவிட்டது. நாலு தடவை முயன்றும் கோப்பைத் திறக்கிற வரைக்கும் தாங்கவில்லை.

இந்த இடத்தில் கொசுவத்தியைச் சுற்றிவிடுகிறேன்.

கையில் தூக்கிப் போகிற கணினி என்று 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 சுமார் 11 கிலோ. அதற்குள் பேட்டரி கிடையாது. தூக்கிக்கொண்டு போய் இன்னொரு பிளக்கைத் தேட வேண்டும். அதே காலத்தில் ஜப்பானின் எப்சன் கொண்டுவந்த எச்.எக்ஸ்-20 வெறும் 1.6 கிலோ, உள்ளேயே நிக்கல்-காட்மியம் பேட்டரி. அந்த வகை பேட்டரியை 1899-ல் கண்டுபிடித்தவர் சுவீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர்.

நிக்கல்-காட்மியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பாதி தீர்ந்திருக்கும்போதே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால், அந்தப் பாதியையே முழு அளவு என்று எடுத்துக்கொள்ளும். "முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று நம் வீட்டில் இன்றும் யாராவது ஒருவர் சொல்கிறாரே, அந்த அறிவுரை அந்தக் காலத்தில் பிறந்தது. அன்றைக்கு அது சரி.

1991-ல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் கதை மாறியது. இதற்கு வழி செய்த குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது வயது 97. லித்தியத்துக்கு அந்தப் பழைய கெட்ட குணம் இல்லை. அதை அடிமட்டம் வரை காலி செய்து, அப்படியே வருஷக்கணக்கில் போட்டு வைத்தால் கெடும். உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட், இதற்கு மேல் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்று கதவை மூடிவிடும். நான் பரணில் போட்டு வைத்து செய்தது சாட்சாத் இதே காரியம்தான்.

ஆபத்து என்பது சும்மா பேச்சில்லை. 2006 ஜூனில் ஜப்பானின் ஒசாகாவில் ஒரு கூட்டத்தில் டெல் மடிக்கணினி ஒன்று தீப்பற்றி எரிந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆகஸ்டில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம். இரண்டிலும் சோனி தயாரித்த செல்கள். தயாரிப்பின்போது உள்ளே புகுந்த நுண்ணிய உலோகத் துகள்கள்தான் காரணம். இத்தனை பெரிய தொழிற்சாலைக்கே அந்தக் கதி என்றால், பெயரில்லாத டூப்ளிகேட் பேட்டரியின் கதி என்னவாக இருக்கும்?

சரி, அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு கஃபார் மார்க்கெட் போனேன். வீட்டிலிருந்து நடை தூரம். போன பிறகுதான் உறைத்தது, திங்கட்கிழமை. கரோல் பாக் கடைகளுக்கு வார விடுமுறை. பதினேழு வருஷம் இதே ஊரில் குப்பை கொட்டியும் புத்தி வரவில்லை, ஹி ஹி.

கரோல் பாக்கே இடம் பெயர்ந்தவர்களின் ஊர்தான். கனாட் பிளேஸ் கட்டுவதற்காக 1920-களில் மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் கிராமத்து மக்களைக் கிளப்பினார்கள். அவர்கள் வந்து சேர்ந்தது இங்கே. 1947 பிரிவினையில் இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல போயின, மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகள் வந்தார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக வந்த நம்மவர்களும் இதே தெருக்களில் ஒண்டுக்குடித்தனம் செய்தார்கள். அகதிகள் கடை போட்ட மார்க்கெட்டுக்கு எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் பெயர்.

1991-க்கு முன்னால் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும், வரியும் மலையளவு. அப்போது ஃபாரின் சரக்கு என்றால் தில்லிக்காரர்கள் கிசுகிசுப்பது கஃபார் மார்க்கெட்டைத்தான். 1997-ல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2005-க்குள் கணினிக்கு இறக்குமதி வரி பூஜ்யம். எந்தக் கடையிலும் கிடைக்கிற பொருளுக்கு யார் கஃபார் வருவார்கள்? கிடைக்காத பொருளை விற்ற சந்து, மாற்ற முடியாத பொருளைப் பழுது பார்க்கும் சந்தாக மாறிக்கொண்டது.

மறுநாள் ஆபீஸ் முடிந்து மறுபடி போனேன். மேஜை அகலத்தில் ஒரு கடை. சர்தார்ஜி ஒருவர், என் வயதுதான் இருக்கும். முதலில் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அடாப்டர் முனையில் மல்டிமீட்டரை வைத்தார். 19.4 வோல்ட். அடாப்டர் நல்லபடி இருக்கிறது.

"அது ஏன் 19?" என்று கேட்டேன். விரல் விட்டுக் காட்டினார். ஒரு செல் முழுக்க ஏறினால் 4.2 வோல்ட். பேட்டரிக்குள் வரிசையாக மூன்று செல் இருந்தால் 12.6, நாலு இருந்தால் 16.8. அதைவிட உயரத்திலிருந்து தள்ளினால்தானே உள்ளே ஏறும்? மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிற மாதிரி.

அடாப்டரை மாற்றுகிறவர்களுக்கு அவர் சொன்ன சூத்திரம்: வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னும் பொருந்த வேண்டும். கம்பெனிக்கு ஒரு பின் என்று இத்தனை வருஷம் நம்மைப் படுத்தினார்கள். யு.எஸ்.பி-சி வந்தது 2014-ல். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

எங்கள் அம்மிக்கல்லில் பிரச்சினை இரண்டு. பேட்டரி செத்துவிட்டது. செருகுகிற ஜாக்கின் ஈயப் பற்று உள்ளே விட்டுப்போயிருக்கிறது. ஜாக்கை மறுபடி பற்றவைக்க 600 ரூபாய்.

"புது பேட்டரி போடட்டுமா பாய் சாப்? 900 ரூபாய்க்குக் கிடைக்கும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "என் வீட்டு மிஷினா இருந்தா போட மாட்டேன். பேட்டரி இல்லாம நேரடியா ஓட்டுங்க. உள்ளே இருக்கறதை முதல்ல வெளியே எடுங்க. மிச்சம் அப்புறம்."

இதைச் சொன்னதால் அவருக்கு 900 ரூபாய் வியாபாரம் போச்சு.

அன்று ராத்திரி எடுத்துவிட்டேன். 64 பக்கம். ஒரு பிரதி அத்தைக்கு, ஒன்று தம்பிக்கு, ஒன்று பென் டிரைவில். செத்த பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பேட்டரி உப்பியிருந்தால் அமுக்கவோ குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் அத்தை ஃபோன். "பன்னிரண்டாம் பக்கத்துல என் கல்யாணத்துக்கு மழை பெய்ததுன்னு எழுதியிருக்கான். பெய்யவே இல்லைடா. அவன் எப்பவுமே இப்படித்தான்."

திருத்தணுமா அத்தை என்று கேட்டேன்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள்.