கவிஞர் வேடம் தாங்கிய கலைஞர்

கரிவலம்வந்தநல்லூர் என்னும் பெயரைக் கேட்டவுடன், தமிழ் பயின்றோர் நெஞ்சில் திருக்கருவை அந்தாதிகள் நினைவுக்கு வரும். பால்வண்ணநாதர் கோயில்கொண்ட அத்திருப்பதியைத் தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த புலமை மிக்க அரசர் அந்தாதியாகவும் வெண்பாவாகவும் பாடிப் போற்றினர். பாடல்கள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. ஆனால், பாடியவரின் முகம் நம்மிடம் இல்லை. அவர் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார், உள்ளம் உருகியபோது அவர் கண்கள் எப்படி இருந்தன என்று நமக்குச் சொல்வார் யாருமில்லை.

இக்குறை கருவைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்க் கவிஞர் பெரும்பாலோர் நமக்குக் குரலாகவே எஞ்சியிருக்கின்றனர். எட்டயபுரத்தில் 1882-இல் தோன்றிய பாரதியாருக்குக்கூட ஒரு சில நிழற்படங்களே உண்டு. அவர் பேசுவதையோ நடப்பதையோ காட்டும் படம் எதுவும் கிடையாது. முகம் மறைந்த கவிஞருக்கு மீண்டும் முகம் கொடுப்பவர் யார்? நம் காலத்தில் அப்பணி நடிகரிடம் வந்து சேர்ந்தது. அதனை மும்முறை ஏற்று நிறைவேற்றிய ஒருவர், கரிவலம்வந்தநல்லூருக்குத் தொலைவில் இல்லாத செங்கோட்டையில் பிறந்தார். அவர்தாம் நாடக நடிகரும் திரைப்பட நடிகருமான எஸ். வி. சுப்பையா.

சுப்பையா 1920-இல் பிறந்தார். அப்பொழுது செங்கோட்டை திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. சிற்றூரேயாயினும் செங்கோட்டைக்கு இருவகைப் புகழ் உண்டு. 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டு, தம்மையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் அவ்வூரினர். தமிழ் நாடக மேடையைத் தம் இசையால் ஆண்டு, 27 வயதிலேயே 1933-இல் மறைந்த கிட்டப்பாவும் அவ்வூரினரே. இன்னொரு செய்தியும் எண்ணத் தக்கது. சுப்பையா பிறந்த காலத்தையொட்டி, 1918 முதல் 1920 வரை, பாரதியார் அதே வட்டாரத்தைச் சேர்ந்த கடையத்தில் வாழ்ந்தார். கவிஞர் அப்பகுதியை விட்டுச் சென்னைக்குப் புறப்பட்டார். பின்னாளில் அவர் வேடத்தைத் தாங்க வேண்டிய குழந்தை அப்பகுதியில் வளர்ந்தது.

அக்காலத்துச் சிறுவன் ஒருவன் நடிகனாக விரும்பினால் அவனுக்கிருந்த கல்லூரி ‘பாய்ஸ் கம்பெனி’ என்று வழங்கிய சிறுவர் நாடகக் குழுவே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவ்வகைக் குழுக்களுக்கு ஒரு முன்மாதிரி. அதில் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-இல் தமக்கெனச் சபை கண்டனர். குழுவில் சேர்ந்த சிறுவன் வீட்டை மறந்து ஊர் ஊராகச் செல்லவேண்டும். விடியலில் குரற்பயிற்சி, பகலில் பாடம் ஒப்பித்தல், இரவில் நாடகம். ஒலிபெருக்கி பரவாத காலமாதலால், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழவேண்டும். மூச்சை அடக்கவும், சொல்லைச் சிதைக்காமல் விடவும், பிறர் பேசும்போது அடங்கி நிற்கவும் அங்கே கற்றுக்கொண்டார்கள். சுப்பையா இளம் பருவத்திலேயே இவ்வாழ்வுக்குள் புகுந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் சபையிலும் பயின்றார். ஆகவே அவரைச் சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த மாணவர் என்றே கூறலாம்.

பின்னர் அவர் சக்தி நாடக சபையில் சேர்ந்தார். அங்கேதான் முதன்முதலாகக் கவிஞர் வேடம் அவருக்கு வாய்த்தது. எஸ். டி. சுந்தரம் எழுதிய ‘கவியின் கனவு’ 1940-களில், நாடு விடுதலைக்கு ஏங்கி நின்ற வேளையில், மேடை ஏறியது. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு எந்த நாடகத்தையும் தடுத்து நிறுத்தலாம். ஆதலால் ஆங்கில ஆட்சியை வெளிப்படையாகச் சாட இயலாது. ஆசிரியர் ஒரு கற்பனை நாட்டைப் படைத்தார். அங்கே மன்னனையும் மக்களையும் ஆட்டிப்படைக்கும் இராஜகுருவை வைத்தார். அவனை எதிர்க்க ஒரு மகாகவியை நிறுத்தினார். இராஜகுருவாக எம். என். நம்பியாரும் மகாகவியாகச் சுப்பையாவும் நடித்தனர். கற்பனை நாட்டின் பெயரில் தம் நாட்டுக் கதையே நடக்கிறது என்பதை மக்கள் எளிதில் உணர்ந்துகொண்டனர். நாகப்பட்டினத்தில் இந்நாடகம் நடந்தபோது, அதனைக் காண்பதற்கென்றே திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து தனி ரயில் விடப்பட்டது என்பது நாடக உலகினர் பெருமையோடு கூறிவரும் செய்தி.

மாணவ நண்பர்களே, இங்கே ஒரு கணம் நின்று எண்ணுங்கள். அந்த மகாகவியைக் கண்டு எழுச்சி கொண்ட கூட்டம் இன்றில்லை. அந்நடிப்பைக் காட்டும் படச்சுருளும் இல்லை. நாடக நடிகனின் கலை விளக்கணைந்ததும் மறைந்துவிடும். கருவை அந்தாதி பாடிய புலவரின் முகம் மறைந்தவாறே, அம்மேடையில் தோன்றிய சுப்பையாவின் முகமும் மறைந்துவிட்டது. திரைப்படம் வந்து அவரை அழைத்ததால்தான் அவருடைய கலை நமக்குக் கிடைத்தது.

1940-களின் பிற்பகுதியில் அவர் திரையுலகம் புகுந்தார். கதாநாயகனுக்குரிய அழகை அவர் நம்பவில்லை. தந்தை, தமையன், ஏழை, முதியவர் ஆகிய பாத்திரங்களில் அவர் தமக்கென ஓரிடம் கண்டார். கூட்டுக் குடும்பம் பிளவுபடும் ‘பாகப்பிரிவினை’ 1959-இல் வந்தது. 1961-இல் ‘பாவ மன்னிப்பு’ படத்தில் ஜேம்ஸ் என்னும் கிறித்தவராகத் தோன்றினார். உரத்த குரலில் பேசப் பழகிய நாடக நடிகர், ஒலிவாங்கியின் முன் குரலைத் தணிக்கவும், சொல்லாமல் கண்ணால் உணர்த்தவும் கற்றுக்கொண்டார். இம்மாற்றம் எளிதன்று. மேடையில் வெற்றி கண்ட பலர் திரையில் சோர்ந்து போனதற்குக் காரணம் இதுவே.

அதே 1961-இல் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்தது. ம. பொ. சிவஞானம் எழுதிய நூலைத் தழுவிய அப்படத்தில் சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரனாராகவும், டி. கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும், சுப்பையா பாரதியாராகவும் நடித்தனர். ஒரு சபையின் ஆசானும் அச்சபையில் பயின்றவரும் இரண்டு தேசபக்தர்களாக ஒரே படத்தில் நின்றது நாடக வரலாற்றில் நினைவுகூரத் தக்கது. படம் தேசிய விருது பெற்றது. ஆயினும் வெளிவந்தபோது வசூலில் வெற்றி காணவில்லை. காலம் செல்லச் செல்ல அதன் மதிப்பு உயர்ந்தது. பாரதியார் என்றதும் முறுக்கிய மீசையும் தலைப்பாகையும் கொண்டு சுப்பையா நிற்கும் தோற்றமே தமிழர் பலர் மனக்கண்ணில் எழலாயிற்று.

வரலாறு கற்போர் இங்கேதான் விழிப்போடு இருத்தல் வேண்டும். சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றியது 1906-இல். சிதம்பரனாரும் சிவாவும் சிறைப்பட்டது 1908-இல். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சிதம்பரனாருக்கு வயது 35, பாரதியாருக்கு 25, சிவாவுக்கு 23. அதாவது சிதம்பரனாரே மூவரில் மூத்தவர். படத்திலோ இம்முறை தலைகீழாயிற்று. சிதம்பரனாராக நடித்த கணேசன் 1928-இல் பிறந்தவர்; சுப்பையா அவரினும் எட்டாண்டு மூத்தவர்; சண்முகமோ 1912-இல் பிறந்தவர். படத்தை மட்டும் கண்டவர், முதிர்ந்த பெரியோர் இருவர் இளம் வழக்கறிஞர் ஒருவருக்குத் துணை நின்றதாக எண்ணக்கூடும். உண்மையில் இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர் இருவர், தம்மினும் மூத்த வழக்கறிஞர் ஒருவரோடு சேர்ந்து ஒரு பேரரசை எதிர்த்து நின்றனர். இன்று கல்லூரியில் பயிலும் உங்கள் வயதை அடுத்த வயதே அது. இவ்வுண்மையை நூல்களே சொல்லும், முகம் சொல்லாது.

இதனால் சுப்பையாவின் நடிப்புக்கு இழுக்கு உண்டாகாது. ஆண்டையும் வயதையும் காப்பது ஆராய்ச்சியாளன் கடமை. கவிஞரின் உள்ளத்து வெப்பத்தைக் காப்பதே நடிகன் கடமை. வறுமையிலும் தலை நிமிர்ந்து நிற்கும் செருக்கையும், நண்பர் துன்பம் கண்டு உடைந்துபோகும் நெஞ்சையும் அவர் ஒரே முகத்தில் காட்டினார். கற்பனைக் கவியாக மேடையில் நின்ற நாட்களில் பெற்ற பயிற்சி, உண்மைக் கவியாகத் திரையில் நின்றபோது அவருக்குக் கைகொடுத்தது எனல் பொருந்தும்.

1969-இல் அவர் தாமே படத் தயாரிப்பாளராகவும் ஆனார். ஜெயகாந்தனின் ‘கைவிலங்கு’ என்னும் கதையைத் தழுவிய ‘காவல் தெய்வம்’ அவர் தயாரித்த படம். கைதிகளிடத்தும் மனிதப் பண்பைக் காணும் சிறை அதிகாரியாக அவரே அதில் நடித்தார். ஆடம்பரமற்ற அக்கதையை நம்பிப் பொருளிட்டது அவர் மனப்போக்கை நன்கு விளக்கும். 1971-இல் ‘ஆதி பராசக்தி’ வந்தது. அதில் அவர் மூன்றாம் முறையாகக் கவிஞர் வேடம் தாங்கினார். அமாவாசையன்று பௌர்ணமி என மன்னரிடம் கூறிவிட்டு, அன்னையை நோக்கி அந்தாதி பாடிய திருக்கடையூர் அபிராமிபட்டரின் வேடம் அது. 1973-இல் வந்த ‘அரங்கேற்றம்’ படத்தில் வறுமையில் வாடும் புரோகிதராகத் தோன்றினார். 1980-இல் அவர் மறைந்தார்.

மேடையில் ஒரு கற்பனைக் கவி. திரையில் விடுதலைக் கவி. பின்னர் ஓர் அந்தாதிக் கவி. இம்மூன்றுமே சுப்பையாவின் வாழ்வுக்குச் சிகரம். அந்தாதி என்பது ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும் இலக்கியம். கலைஞர் மரபும் அவ்வகையதே. சுவாமிகள் விட்ட இடத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் தொடங்கினர், அவர்கள் விட்ட இடத்தில் சுப்பையா போன்றோர் தொடங்கினர்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு நீங்கள் செல்ல நேர்ந்தால், திருக்கருவைப் பாடல்களில் ஒன்றையேனும் அங்கே நின்று வாய்விட்டுப் படியுங்கள். சொல்லின் ஏற்றமும் இறக்கமும் உங்கள் குரலில் வந்து அமையும். அப்பொழுது, முகம் மறைந்த அப்புலவருக்குச் சிறிது நேரமேனும் நீங்களே முகமாக நிற்பீர்கள். சுப்பையா தம் வாழ்நாள் முழுதும் செய்த தொண்டு எத்தகையது என்பது அக்கணத்தில் உங்களுக்கு விளங்கும்.