ஆள் காட்டிய ரத்தம்

துப்பறியும் கதை எழுதும் நண்பர்களிடம் எனக்கு வெகுநாளாகக் கொஞ்சம் பொறாமை உண்டு. கண்ணுக்கே தெரியாத குற்றவாளியைத் தேடிப் பிடித்த வைத்தியர்களின் சரித்திரத்தைப் படித்த பிறகு அது போய்விட்டது.

1897-ஆம் வருஷம் ஜப்பானில் ரத்தபேதி பரவிற்று. ‘ஸெகிரி’ என்பார்கள், சிவப்புப் பேதி என்று அர்த்தம். ஏறக்குறைய 90,000 பேர் படுத்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் எழுந்திருக்கவில்லை. கியோஷி ஷிகா என்ற வாலிபர் வைத்தியப் படிப்பை முடித்து, கிடாஸாடோவின் ஆராய்ச்சிக் கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். 36 நோயாளிகளைப் பரிசோதித்தார். மனிதக் குடலில் சாதுவும் போக்கிரியுமாக எத்தனையோ கிருமிகள். இவற்றில் யார் குற்றவாளி? ஷிகா செய்த யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைக் கிருமிகளோடு கலந்து பார்த்தார். ஒரு ஜாதிக் கிருமி மட்டும் கட்டிகட்டியாகத் திரண்டது. அடிபட்டவனே போலீஸ் ஸ்டேஷனில் ஆளை அடையாளம் காட்டின மாதிரி!

93 வருஷம் கழித்து, 1990 அக்டோபரில், டோக்கியோவுக்கு வடக்கே உராவா நகரத்துப் பாலர் பள்ளி ஒன்றில் அதே சிவப்பு தலைகாட்டிற்று. 200 பேருக்கு மேல் வியாதி. இரண்டு குழந்தைகள் இறந்தன. காலையில் கையசைத்துவிட்டு உள்ளே ஓடுகிற வயசு. இம்முறை கிருமி வேறு. 1982-இல் அமெரிக்காவில் மாட்டிறைச்சி ரொட்டி சாப்பிட்டவர்களிடம் முதன்முதலாக இனம் கண்ட ஓ157 அது. ஆனால் அது கக்கும் விஷத்துக்கு ஷிகாவின் பெயர்தான். குழந்தைகளின் சிறுநீரகத்தையே அது தாக்கிவிடும். இத்தகைய விசாரணைகளில் யார் யார் எதைச் சாப்பிட்டார்கள், எதைக் குடித்தார்கள் என்று ஜாபிதா போடுவார்கள். நோய் கண்டவரையும் காணாதவரையும் ஒப்பிடுவார்கள். உராவாவில் வலை கிணற்றில் போய் விழுந்தது. குற்றவாளி குடிதண்ணீரில் இருந்தான்.

கைக்குழந்தைகள் இருக்கும் காப்பகங்களில் கிணறுகூட வேண்டியதில்லை. ஷிகாவின் கிருமிகள் பத்துப் போனாலே போதும். அரைத்துணி மாற்றின கை, பொம்மை, அடுத்த குழந்தையின் வாய்: பிரயாணம் முடிந்தது.

அமெரிக்காவில் அட்லாண்டாவுக்கு அருகே இரண்டு காப்பகங்களில், வந்தவுடனும், துணி மாற்றின பின்பும், சாப்பாட்டைத் தொடுமுன்பும் கை கழுவவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பேதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1981-இல் இதைப் பிரசுரித்தார்கள். ஒப்பிடுவதற்காக வேறு இரண்டு காப்பகங்களை வழக்கம் போலவே விட்டிருந்தார்கள். கணக்குக்கு அது அவசியந்தான். ஆனால் கதை எழுதுகிறவன் புத்தி, சாயங்காலம் அந்த இரண்டு வாசல்களிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன தாய்மார்களின் பின்னாலேயே போகிறது.