இழுவை எங்கே போனது?

ஹாட் ராட் கார்களின் வரலாறு பெரும்பாலும் பாகங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள், மட்கார்டுகளைக் கழற்றினார்கள், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு மூன்றைப் பூட்டினார்கள், வேகம் கூடியது என்று கதை போகும். முக்கியமான ஒன்று இதில் விடுபட்டுப்போகிறது. எஞ்சினின் திறன் எந்த வழியில் வீணாகிறது என்று துப்புத் துலக்கும் திறமைதான் அந்தப் பட்டறைகளின் முதல் சொத்து என்பேன். பேர்பெற்ற பாகங்கள் பலவும் அந்தத் தேடலுக்குக் கிடைத்த விடைகளாகவே பிறந்தன.

அவர்கள் கையில் கிடைத்த எஞ்சினே அந்தத் தேடலைக் கட்டாயமாக்கியது. 1932இல் ஃபோர்டு கொண்டுவந்த பக்கவால்வு வி8, 221 கன அங்குலக் கொள்ளளவில் 65 குதிரைத்திறன் தந்தது. எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் ஊற்றியதால் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு வந்தது. ஆனால் வால்வுகள் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் இருந்தன. எரிந்த புகை வெளியே வர, சிலிண்டர்களுக்கு இடையே பிளாக்கைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களுக்குப் புகை வாய்கள் மூன்றுதான். நடுவிலுள்ள இரண்டுக்கும் ஒரே வாய். வெளியேற வேண்டிய சூடு குளிர்விக்கும் தண்ணீரிலேயே இறங்கியது. 1936 வரை தண்ணீர் பம்புகளும் ஹெட்டில் உட்கார்ந்து சுடுநீரைத்தான் இழுத்துக்கொண்டிருந்தன. மறு ஆண்டுதான் அவை பிளாக்குக்கு இறங்கின. பெட்ரோல் பம்போ எஞ்சினின் மேலேயே, பின்பக்கம். வெயில் நாளில் மேட்டில் ஏறும்போது குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகும், இழுவை செத்துப்போகும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல வண்டி கிளம்பும். சூட்டில் படுத்துவிடும் இக்னிஷன் காயிலும் இதே அறிகுறியைத்தான் காட்டும். எது காரணம் என்று அறிய, வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டரை அசைக்க வேண்டும். பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரில் எரிபொருள் இருக்கிறது, அடுத்து பிளக் வயரைக் கழற்றிப் பொறியைப் பார்க்கலாம். ஆறிய பிறகு பார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும்.

காது சொல்வதை மட்டும் நம்பினால் இந்தத் திறமை வளர்ந்திருக்காது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகத் தோன்றும். அந்த மயக்கத்தைத் தெளியவைத்தது பாலைவனத்தின் வறண்ட ஏரிப்படுகை. முராக் போன்ற படுகைகளில் நடந்த ஓட்டங்களை 1937இல் உருவான தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் ஒழுங்குபடுத்தியது. கடிகாரம் குறித்த வேகம் கையில் கிடைத்ததும், அதே வண்டியை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. எரிபொருள் கலவையைப் பார்க்க அங்கே ஒரு நுட்பமான வழக்கம் இருந்தது. முழு வேகத்தில் ஓட்டம் முடியும் இடத்திலேயே இக்னிஷனை அணைத்து, அதே நொடியில் கிளட்சையும் மிதித்து, வண்டியைத் தானே உருண்டு நிற்க விட்டு, அங்கேயே பிளக்குகளைக் கழற்றுவார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு சரி. மெதுவாக ஓட்டித் திரும்பிவந்தால் அந்தச் சாட்சியம் கலைந்துவிடும். 1949இல் பானவில் உப்புப் படுகைக்குப் போனபோது உயரமும் கணக்கில் சேர்ந்தது. அந்த இடம் சுமார் 4,200 அடி உயரம். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்று எஞ்சின் திறனை இழக்கும். கடலோர லாஸ் ஏஞ்சல்ஸில் சரியாக இருந்த கார்புரேட்டர் ஜெட், மெல்லிய காற்றில் அளவுக்கு மிஞ்சிய பெட்ரோலை ஊற்றும். எந்தப் பாகமும் கெடாமலே திறனில் எட்டில் ஒரு பங்கு போய்விடும் என்று தெரியாதவர் நல்ல எஞ்சினைப் பிரித்துப்போட்டிருப்பார்.

பட்டறையில் வெற்றிடமானியும் கம்ப்ரஷன் கேஜும் இதே வேலையைச் செய்தன. கடல்மட்டத்தில், சும்மா ஓடும் நல்ல எஞ்சினில் வெற்றிடமானியின் முள் 18 முதல் 21 அங்குலத்தில் அசையாமல் நிற்கும். தாழ்ந்து, ஆனால் நிலையாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். சீரான இடைவெளியில் துடித்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. வேகம் கூட்டிப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்ல இறங்கினால் புகைப்பாதையில் அடைப்பு. கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ஃபோர்டின் வால்வு இடைவெளியைத் திருகிச் சரிசெய்யவும் வழியில்லை, தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். திருகக்கூடிய டேப்பெட்டுகளை இந்த இளைஞர்கள் விரும்பி வாங்கியதன் காரணம் இதுதான்.

பலர் துப்பு ஏதும் துலக்காமல் அடுத்தவனைப் பார்த்துப் பாகம் வாங்கினார்களே என்று கேட்கலாம். வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் சிறிய எஞ்சினில் மூன்று ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்களைப் பூட்டினால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் தளர்ந்து பிக்கப் போய்விடும். அந்தத் தவற்றைக் கண்டுபிடித்தவர்களும் அதே பட்டறைக்காரர்கள்தான். தன் பெயரிலேயே மேனிஃபோல்டு விற்ற விக் எடெல்பிராக், சொந்த 1932 ரோட்ஸ்டரை 1941இல் ரோசமண்ட் படுகையில் மணிக்கு 121 மைலுக்கு மேல் ஓட்டிச் சோதித்தவர். பின்னர் பட்டறைக்குள்ளேயே டைனமோமீட்டரை நிறுவினார். இரண்டாம் உலகப் போரில் கற்ற இயந்திர அறிவே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்ற வாதமும் உண்டு. போர் பலருக்குக் கைத்திறன் தந்தது. ஆனால் சங்கமும் ஓட்டங்களும் அதற்கு முன்பே இருந்தன.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவ்வளவு நுட்பம் இருந்தும் வால்வுகள் மேலே அமைந்த 1949இன் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சின்களும் 1955இன் செவ்ரோலெட்டும் பழைய ஃபோர்டை ஓரங்கட்டிவிட்டனவே? ஓரங்கட்டின. அந்தத் தோல்வியின் காரணத்தையும் பட்டறைகள் முன்பே அறிந்திருந்தன என்பதுதான் என் பதில். பக்கவால்வு எஞ்சினில் கம்ப்ரஷனைக் கூட்ட ஹெட்டைத் தாழ்த்தினால், வால்விலிருந்து சிலிண்டருக்குக் காற்று போகும் வழி குறுகும். அந்த வழியை அகலப்படுத்த பிளாக்கைக் குடைந்தால் கம்ப்ரஷன் இறங்கும். இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. சோரா ஆர்கஸ்-டன்டோவ் 1940களில் உருவாக்கிய ஆர்டன் ஹெட்டுகள் வால்வுகளை மேலே கொண்டுபோய், புகையை நேராக வெளியே விட்டன. அவை முதலில் ஃபோர்டு லாரிகளுக்காகச் செய்யப்பட்டவை. சுமை இழுத்தவர்களின் தேவையும் பந்தயக்காரர்களின் தேவையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

இன்று அந்தப் பழைய எஞ்சினோடு ஓடும் ஹாட் ராட்களில் இழுவை குறைந்தால், உடனே மின்சார பம்பும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் மாற்றிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், அழுத்தத்தில் ஓடும் இன்ஜெக்‌ஷன் கார்களை மனதில் வைத்துத் தயாராகிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில் அது எளிதில் கொதித்துவிடும். டாங்க் பக்கம் வைத்த மின்சார பம்ப் அதற்கு நல்ல மருந்துதான், நோய் அதுதான் என்று உறுதியானால். பிளாக்கின் நீர்ப்பாதையில் பல பத்தாண்டுத் துருவும் வார்ப்பு மணலும் அடைத்துச் சூடேறும் வண்டியிலோ, பம்ப் வந்ததும் இழுவை திரும்பியதுபோலத் தோன்றும். உள்ளே வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே இரும்பு விரிசல் விடுவது மட்டும் நிற்காது.