தெம்பே வந்த வழி

கிள்ளான், கோல லங்காட் கரையோரங்களில் குடியேறிய ஜாவானியரின் உணவு தெம்பே. வேகவைத்த சோயா அவரையில் பூஞ்சண வித்தைக் கலந்து இலையில் பொதிந்து வைப்பார்கள். இரண்டு நாளில் கட்டியாகும். 1942-45 ஆண்டுகளில் ஜாவாவில் ஜப்பானியரின் கைதி முகாம்களில், சோயா செரிக்காத நோயாளிகளுக்கும் தெம்பே செரித்தது. நம் தோட்டங்களிலோ அந்நாளில் மரவள்ளிக்கிழங்கு. அது வயிற்றை அடைத்தது, உடம்பை வளர்க்கவில்லை.

நூறு கிராம் தெம்பேயில் சுமார் 19 கிராம் புரதம் உண்டு. வெந்த பருப்பில் 9. சமைத்த கோழியில் 27. பிரிக்பீல்ட்ஸ் சைவக் கடைகளின் 'ஆட்டிறைச்சி' சீனப் பௌத்தர் சமையலின் வழிவந்தது. பெரும்பாலும் சோயாவும் கோதுமைப் புரதமும்தான். பெயரில்தான் ஆடு! உப்பும் சற்றுக் கூடுதல். இவை எதிலும் பி12 உயிர்ச்சத்தை நம்ப முடியாது. பிள்ளைகளுக்குப் பாலோ முட்டையோ கூடவே கொடுங்கள்.