பொழியும் எல்லையும்: நெய்யாற்று முகத்தின் ஆவணிக் கடல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வட்டம், மொழி, மக்கள்தொகைக் கணக்கு என்ற மூன்றையே சுற்றி வருகின்றன. அந்த எல்லைக்கோடு கொல்லங்கோட்டைக் கடந்து கடலைத் தொட்ட பின் என்ன ஆயிற்று என்பது எல்லை ஆய்வுகளில் உரிய இடம் பெறவில்லை. கேரளத்தின் தென்கோடி மீனவ ஊர் பொழியூர். அதை அடுத்து வருவது தமிழ்நாட்டின் நீரோடி. இரண்டும் ஒரே மணற்கரையில் இருக்கின்றன. இந்தக் கரையின் வரலாற்றை எழுத, பருவத்திலிருந்து தொடங்குவது பொருத்தம்.

தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் ஆனி, ஆடி மாதங்களில் கரையை அரித்து மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்கின்றன. ஆவணி, புரட்டாசியில் அலை தணியத் தணிய அந்த மணல் மெல்லத் திரும்புகிறது. கரமடி இழுக்கும் தொழில் இந்த மணலை நம்பியது. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் வலையை அரைவட்டமாக விரித்துக்கொண்டே சென்று மறுமுனையுடன் கரைக்குத் திரும்பும். இரு அணியினர் நின்று இழுப்பர். அவர்கள் நிற்க அகன்ற மணல் வேண்டும். வலை சிக்காதிருக்கப் பாறையற்ற அடித்தரை வேண்டும். வள்ளம் இறங்க அலை தணிந்திருக்க வேண்டும். வேணாட்டில் கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்ஙம் ஒன்றில், அதாவது ஆவணியில். கரமடிக்காரர்களுக்கும் ஏறத்தாழ அதுவே ஆண்டுத் தொடக்கம்.

நண்டின் கணக்கும் இதே பருவத்தோடு பிணைந்தது. நெய்யாறு கடலைச் சேரும் பூவாற்றில், கோடையில் மணல்திட்டு முகத்தை அடைக்கும்; மழை வெள்ளம் அதை உடைக்கும், அல்லது ஊரார் வெட்டிவிடுவர். இந்த முகத்துவாரமே பொழி. பொழியூரின் பெயரிலேயே அது நிற்கிறது. பொழி திறந்திருக்கும்போதுதான் கழிமுகத்தில் வளர்ந்த பெண் சேற்று நண்டுகள் முட்டையிடக் கடலுக்குச் செல்ல முடியும். கடலில் பொரிந்த குஞ்சுகள் உள்ளே வர முடியும். சங்க நெய்தற் பாடல்களில் அலவன் ஓயாமல் வருவதை அணியாக மட்டும் வாசிப்பவர்கள், கழியும் கடலும் கலக்கும் இத்தகைய நிலத்தை ஒருமுறை நினைவில் கொள்வது நல்லது.

இந்நீர்ப்பரப்பை அரசு முதலில் கண்டது போக்குவரத்து வழியாக. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860இல், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்கப்பட்டது. பெயரில் தெய்வமும் பேரரசியும் மன்னரும் இருந்தும் திட்டம் முழுமை பெறவில்லை. பூவாற்றிலிருந்து தெற்கே கடலோரமாக வெட்டப்பட்ட பகுதி இன்று இரு மாநிலங்களில் கிடக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டம் அதில் 11 கிலோமீட்டரை 13ஆம் எண் நீர்வழியாகப் பட்டியலிட்டது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. வட்டம் என்பது நிலவரி நிருவாகத்தின் அலகு. அதை வைத்துக் கோடு கிழித்தபோது, ஒரே வலைத்தொழிலும் ஒரே சமயமரபும் மண உறவும் கொண்ட கடற்கரை இரண்டாயிற்று. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவருக்கு ஞானஸ்நானம் அளித்தபோது இந்தக் கோடு இல்லை.

அரசமைப்பின்படி கரைக்கடல் மீன்பிடி மாநிலத்தின் பொறுப்பு. எனவே நிலத்தின் கோடு 12 கடல் மைல் வரை நீண்டது. கேரளத்துக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது குமரியின் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் 61 நாள். கேரளத்தில் இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாள். இரண்டும் ஜூலை 31இல் முடிகின்றன. தொடக்கத்தில் மட்டும் ஒரே மீனுக்கு இரண்டு நாட்காட்டி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, தூத்தூர் வட்டாரத்தவர் பலர் கேரளத் துறைமுகங்களிலிருந்து சென்றிருந்தனர். காணாமற்போனவர்களின் பெயர்கள் இரு அரசுகளின் பட்டியல்களில் தேடப்பட்டன.

மணலின் நிலை இதைவிடக் கடினமானது. கரையோர நீரோட்டத்தில் நகரும் மணலை ஓரிடத்தில் தூண்டில் வளைவோ அலைதடுப்புச் சுவரோ மறித்தால், அடுத்த கரை மெலியும். எல்லையின் ஒருபக்கம் இடப்படும் கல்லின் விளைவை மறுபக்கத்து ஊர் ஏற்க வேண்டியிருக்கிறது. தங்கள் கரை அரிக்கப்படுவதற்கு நீரோடிப் பக்கத்துக் கற்சுவர்களே காரணம் எனப் பொழியூர் மக்கள் முறையிட்டு வருகின்றனர். ஆவணியில் மணல் திரும்பாவிட்டால், கடலில் மீன் இருந்தும் கரமடிக்கு நிற்க இடமில்லை.

ஆகவே எல்லை ஆய்வில் இறங்கும் மாணவர்கள் 1956இன் ஆவணங்களோடு துறைமுகப் பணிக் கோப்புகள், தடைக்கால அரசாணைகள், இரு பக்கத்துப் பங்குத்தந்தையர் வைத்துள்ள திருமணப் பதிவேடுகள், கரமடிப் பங்குக் கணக்குகள் ஆகியவற்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள். கரமடி நின்றுவிட்டால் அந்தக் கணக்கைச் சொல்லித்தர எவரும் இருக்கமாட்டார்கள்.