லைன் வீடு யார் பெயரில்?

சேர்வராயன் மலைக்குக் காபி வந்த கதையில் 1820களின் சேலம் ஆட்சியர் காக்பர்னின் பெயர் வரும். பழம் பறித்த பெண்களின் பெயர் வராது. அவர்கள் வீட்டுக்குள் வாங்கிய அடியும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

அந்த அடியை மறைத்ததில் தோட்ட அமைப்புக்கும் பங்குண்டு. கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டிச்சென்ற நம் பெண்களின் கூலியைக் கணவனிடமோ தகப்பனிடமோ கொடுப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. இங்கே, 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டித் தரும் பொறுப்பை முதலாளி மேல் வைத்தது. ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. கணவன் பெயரில் உள்ள லைன் வீட்டை விட்டு வந்தால் அன்றே கூரை போய்விடும். நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவளுக்குத் தாய்வீடும் இன்னொரு லைன் வீடாகத்தான் இருக்கும். "ஏன் அப்போதே வெளியே வரவில்லை?" என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில், மனைவி கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார் அண்ணல் அம்பேத்கர். சாதி ஒழிப்பையும் வீட்டுக்குள் சமத்துவத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. "முதலில் சாதிப் பிரச்சினை, குடும்பப் பிரச்சினை பிறகு" என்று நாம்தான் பல நேரம் ஒத்திப்போட்டோம்.

2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. சாதியையோ பிறந்த வீட்டையோ சொல்லி இழிவுபடுத்துவது, விருப்பமில்லாமல் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது, கூலியைப் பிடுங்குவது, செலவுக்குத் தராமல் பட்டினி போடுவது ஆகியவையும் வன்முறைதான். வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. அடிப்பவனை வெளியேற்றும்படியும் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போனால் ஒரு நாள் கூலி போகும். அதனால் முதலில் 181க்கு அழைக்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் புகாரை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112.

தோழர்களே, ஒரு பெண் நம்மிடம் சொன்னால், சமாதானம் பேசக் கணவனிடம் ஓடாதீர்கள். அவளைத் தனியாகக் கேளுங்கள், நம்புங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எப்போது புகார் கொடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். கொடுக்கும் நாளில் நாம் கூடப் போவோம்.